எங்கள் சரித்திர சார்

நம் பள்ளி மலருக்கு ஸ்போர்ட்ஸ் டே பற்றி எழுதுவதாகத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். சரித்திர சார் காலமாகிவிட்டார் என்று தெரிந்த பிறகு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவுக்காரர்களுக்கு அந்த இன்ஸ்பெக்‌ஷன் மறந்திருக்காது. வந்த அதிகாரி முன்பெஞ்சுப் பையனை எழுப்பி, "ஊட்டியைக் கண்டுபிடித்தது யார்?" என்றார். 1819, வெள்ளைக்காரக் கலெக்டர் சலிவன் என்ற பதிலை எதிர்பார்த்தார். அவனோ நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களை நினைத்து, "அதுக்கு முன்னாடியே தோடர்கள் இருந்தாங்களே ஐயா" என்றான். அதிகாரி சார் பக்கம் திரும்பினார். புத்தகத்தில் இல்லாததைச் சொல்லிப் பிள்ளைகளைக் கெடுக்கிறாயா என்று எங்கள் எதிரிலேயே ஒருமையில் ஏசினார். சார் கைகட்டி நின்றார்.

சார் அப்படி என்ன சொல்லிக்கொடுத்துவிட்டார்? கர்நாடகத்துச் சாமராஜநகரில் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, ஹொய்சளத் தளபதி புணிசன் தோடரை நடுங்க வைத்தான் என்கிறது. "ஜெயிச்சவன் வெட்டின கல்லு. வீரத்தைக் கொஞ்சம் குறைச்சே படிங்க. ஆனா தோடர்ங்கிற பேரைப் பொய்யா எழுத அவனுக்கு என்ன தேவை?" என்பார். 1603-இல் நீலகிரி மலையேறிய ஃபினிசியோ பாதிரியார் அங்கே கிறிஸ்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்தவர். தேடி வந்தது எது என்று தெரிந்தால்தான் அவர் கண்ணில் பட்டது எது, படாதது எது என்று புரியும் என்பார் சார். சலிவனையும் அவர் விட்டுக்கொடுத்ததில்லை. ஏரி வெட்டியது, நிலம் வாங்கியது, தோடரின் நில உரிமைக்காக அரசோடு வாதாடியது மூன்றையும் ஒரே விடையில் எழுதச் சொல்வார். மலைமேல் இருக்கிற பழங்கால ஈமக் கற்குவைகளில் கிடைத்த பானை மூடிகளில் எருமை உருவம் இருக்கிறது என்றதும், அப்படியானால் அவை தோடருடையவை என்று கத்தினோம். "எருமை வளர்த்தது அவங்க மட்டும்தானா?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு மறுநாள், நடந்ததைத் தனித்தனியாக எழுதச் சொன்னார். ஒருவன் சார் அழுதார் என்றான், இன்னொருவன் சிரித்தார் என்றான். எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துவிட்டு, அதிகாரியின் தரப்பிலிருந்து ஒரு பத்தி எழுதச் சொன்னார். "அவமானப்பட்டவன் நான். அதனால என் வார்த்தையையும் அப்படியே நம்பாதீங்க" என்றார். அதைவிட நேர்மையான ஒரு சொல்லை அதன்பிறகு நான் எங்கும் கேட்டதில்லை.

நீலகிரியின் முதல் கமிஷனர் பிரீக்ஸ் அந்தக் கற்குவைகளில் தோண்டியெடுத்தவற்றில் ஒரு பகுதி இங்கே லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்கு ரயிலில் போகிற தூரம். மலைதான் எட்டாமல் போய்விட்டது. படிப்பு முடிந்ததும் திரும்பிவிடுவேன் என்று சாரிடம் சொல்லிவிட்டு வந்தவன் நான். வேலை, வீடு, பிள்ளைகள் என்று இங்கேயே வேர்விட்டாயிற்று. அவரை வழியனுப்பக்கூடப் போக முடியவில்லை.

அன்று எழுதிய தாள்களை சார் எங்களிடமே திருப்பித் தந்ததாக ஞாபகம். நான் ஜன்னலோரக் கடைசி பெஞ்சு. முன்னால் இருந்தவர்களுக்கு வேறு விதமாகத் தெரிந்திருக்கும். யாரிடமாவது தாள் மிஞ்சியிருந்தால் அடுத்த மலருக்கு அனுப்புங்கள். நான் சொன்னதற்கு நேர்மாறாக இருந்தாலும் ஒரு வரி வெட்டாமல் போடும்படி ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன்.