எலியில் மோர்பின் இடவிருப்பப் பரிசோதனை: கொழும்பில் செய்து முடித்த முறை

இந்தப் பரிசோதனை எலிக்கு எவ்வளவு சுகம் கிடைத்தது என்பதை அளப்பதில்லை. எந்த அறையில் மருந்து கிடைத்தது என்பதை எலி கற்றுக்கொண்டதா என்பதையே அளக்கிறது. ஆகவே வாங்கித் தடுப்பு மருந்தை (மூளைக் கலங்களில் இரசாயனங்கள் ஒட்டும் இடமான வாங்கியை அடைக்கும் மருந்து) எந்த நேரத்தில் கொடுப்பது என்பதை முதலிலேயே முடிவெடுக்க வேண்டும்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி கைக்கு வந்த பிறகுதான் எலி. ஆய்வுக்கூட இனமான விஸ்டார் எலிகளைப் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் எடுத்தோம். ஒரு வாரம் புது இடத்துக்குப் பழகவிட்டு, பிறகு தினமும் கையில் தூக்கிப் பழக்கினோம். பழகாத எலிக்கு ஊசியே தண்டனை. இரண்டு அறைகளையும் சேர்த்தே வெறுத்துவிடும்.

பெட்டியில் 30 செ.மீ. சதுரமாக இரண்டு அறைகள், நடுவே ஒடுங்கிய வழி. ஒன்றுக்கு நிலைக்குத்துக் கோடும் கம்பித் தளமும், மற்றதற்குக் கிடைக்கோடும் வலைத் தளமும். வெளிச்சம் இரண்டிலும் சமமா என்று லக்ஸ் மீற்றர் வைத்துப் பாருங்கள். எலி இருட்டான பக்கத்தில்தான் ஒதுங்கும். முதல் நாள் 15 நிமிடம் சுதந்திரமாக உலாவ விட வேண்டும். 70 வீதத்துக்கு மேல் ஒரே அறையில் கிடந்த எலியை விலக்கினோம். மீதியில் பாதிக்கு மோர்பின் ஓர் அறையில், பாதிக்கு மற்ற அறையில். பிடிக்காத அறையிலேயே எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்தால், வந்தது விருப்பமா, பயம் தெளிந்ததா என்று பிரிக்க முடியாது.

அளவு கிலோவுக்கு 5 மி.கி., தோலுக்கடியில். 15 மி.கி. உள்ள 1 மி.லீ. அம்பியூல் என்றால் 2 மி.லீ. சேலைன் சேர்க்க, மி.லீ.க்கு 5 மி.கி. ஆகும். 250 கிராம் எலிக்கு 0.25 மி.லீ. ஒருநாள் மோர்பின், மறுநாள் மற்ற அறையில் சேலைன். கதவை மூடி 45 நிமிடம். மொத்தம் 8 நாள். காலையில் மோர்பின், மாலையில் சேலைன் என்று அவசரப்பட்டால் மருந்தின் மிச்சம் சேலைன் அறைக்கும் போய்விடும். இவை முடிந்த பிறகு இறுதிச் சோதனை: கதவைத் திறந்துவிட்டு, எலி எந்த அறையில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று பார்ப்பது.

மூளையின் நடுப்பகுதியில் உள்ள காபா கலங்கள், வெகுமதியோடு தொடர்புள்ள இரசாயனமான டோபமினை வெளிவிடும் கலங்களுக்குப் பிரேக் மாதிரி. அந்தக் காபா கலங்களின் மியூ வாங்கியில் மோர்பின் ஒட்டியதும் பிரேக் தளர்ந்து, மூளையின் வெகுமதிப் பகுதியான அக்கும்பென்ஸ் கருவில் டோபமின் கூடுகிறது. மியூ வாங்கி மரபணு நீக்கிய சுண்டெலிகளுக்கு மோர்பின் இடவிருப்பம் வருவதில்லை என்று 1996இலேயே காட்டப்பட்டது.

டோபமின் ஒட்டும் டி1 வாங்கியைத் தடுக்க எஸ்சிஎச்23390 என்ற மருந்து, கிலோவுக்கு 0.05 மி.கி. மோர்பின் நாட்களில் ஊசிக்கு முன் கொடுத்தால் கேள்வி கற்றலைப் பற்றியது. இறுதிச் சோதனைக்கு முன் கொடுத்தால் கேள்வி வேறு, ஏற்கெனவே கற்றதை எலி வெளிக்காட்டுகிறதா என்பது. அந்த நேரத்தில் எலியின் நடமாட்டமும் குறையும், ஆகவே அறையில் இருந்த நேரத்தோடு அது நடந்த தூரத்தையும் பதிவு செய்யுங்கள். தடுப்பு மருந்தும் சேலைனும் மட்டும் பெறும் குழுவை விட்டுவிடாதீர்கள். மருந்தே தனியாக வெறுப்பைத் தருகிறதா என்பது அங்கேதான் தெரியும். கற்றலில் பங்குள்ள என்எம்டிஏ வாங்கியைத் தடுக்கும் எம்கே-801இல் இன்னொரு சிக்கல்: மருந்துநிலையில் கற்றதை மருந்தில்லாத நிலையில் எலி மீட்காமல் போகலாம், அதைக் கற்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது. அதே மருந்தைக் கொடுத்தும் ஒரு குழுவைச் சோதிக்க வேண்டும்.

ஒவ்வொரு எலிக்குப் பிறகும் 70% எதனோலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் ஏசி நின்றால் அது காய நேரமெடுக்கும், மணம் அடுத்த எலியைக் குழப்பும். ஏப்ரல் நடுவில் இறுதிச் சோதனை வைக்காதீர்கள். புத்தாண்டு வெடிச் சத்தத்துக்கு எலி மூலையில் உறைந்து நிற்கும், கணினி அதையும் விருப்பம் என்றே எண்ணும்.

மோர்பின் பூட்டிய அலுமாரியில்தான். எடுத்தது, ஊசியில் போனது, மிஞ்சிக் கொட்டியது எல்லாம் மி.லீ. கணக்கில் பதிவேட்டில் ஏற வேண்டும், இருவர் கையெழுத்தோடு. சிரிஞ்சின் முனையில் தங்கும் துளியையும் கணக்கில் எடுங்கள். மாதக் கடைசியில் இருப்பு இடிப்பது பெரும்பாலும் அதனால்தான்.