பார்பர்டன் நாட்கள்

அக்டோபர் 9, 2022

தென்னாப்பிரிக்காவின் ம்பொம்பெலா நகரிலிருந்து தெற்கே முக்கால் மணி நேரப் பயணம். மலை இறங்கியதும் காப் ஆற்றுப் பள்ளத்தாக்கு விரிகிறது: கரும்பு, ஆரஞ்சுத் தோப்பு, மறுபடியும் கரும்பு. பின்னால் மக்கோஞ்வா மலைகள். அவற்றின் காலடியில் பார்பர்டன். ஜகரண்டா பூத்து உதிர்ந்து தெருவெல்லாம் ஊதா நிறமாகக் கிடக்கிறது.

1884 இல் பார்பர் குடும்பத்தார் இங்கே தங்கம் கண்டார்கள். மறு ஆண்டு ஷீபா மலையில் எட்வின் பிரே கண்டது அதைவிடப் பெரியது. ஊரில் பங்குச் சந்தையே திறந்தார்கள். 1886 இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கிடைக்க, சில ஆண்டுகளில் கூட்டம் மூட்டை கட்டிக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் பக்கம் போய்விட்டது. பங்குச் சந்தையின் முகப்புச் சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது. கோலார் தங்கவயலில் பிறந்த எனக்கு அந்தச் சுவரைக் கடந்து போக மனம் வரவில்லை.

அக்டோபர் 10

அறுவடைக்கு முன் கரும்புத் தோகையைக் கொளுத்துகிறார்கள். காலையில் கொடியில் காயப்போட்ட சட்டை முழுவதும் கருஞ்சாம்பல். தங்கியிருக்கும் வீட்டு அம்மா சிரித்துக்கொண்டே மறுபடி அலசிக் கொடுத்தார். அவர் கணவர் சுரங்கத்தில் வேலை செய்கிறார். அம்மா பறிப்புக் காலத்தில் ஆரஞ்சுத் தோப்புக்குப் போகிறார். சுரங்கத்தில் சம்பளம் தடைப்பட்ட மாதங்களில் தோப்புக் கூலியில்தான் அடுப்பு எரிந்ததாம்.

எங்களுக்கு அப்படி ஒரு தோப்பு இருந்ததில்லை. 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் சுரங்கத்தை மூடினார்கள். மிச்சம் இருந்தவை தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு மண்ணான சயனைடு மேடும், காற்றடித்தால் வீட்டுக்குள் வரும் அதன் தூசியும், விடியற்காலை பெங்களூர் ரயிலும்தான். பள்ளத்தாக்கின் பச்சையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

அக்டோபர் 11

ஃபேர்வியூ சுரங்கத்தில் தங்கம் கந்தகக் கனிமத்துக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. பாக்டீரியாவை விட்டு அந்தக் கனிமத்தை அரிக்கச் செய்து, அதன் பிறகே தங்கத்தைச் சயனைடில் கரைத்து எடுக்கிறார்கள். இந்த முறை வணிக அளவில் உலகிலேயே முதலில் தொடங்கியது இங்கேதான், 1986 இல். அப்பாவிடம் போனில் சொன்னேன். மூன்று முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

அக்டோபர் 12

எஸ்வாட்டினி நாட்டு எல்லையில் உள்ள புலெம்புவுக்குப் போகும் சாலையில் மலையேறினேன். 2018 இல் உலகப் பாரம்பரியச் சின்னமான மலைகள்; 360 கோடி ஆண்டு வரை பழமையான பாறைகள். ஓரிடத்தில் கடல் ஏற்ற இறக்கம் மணலில் விட்ட வரிகள் கல்லாகி இருக்கின்றன. விரலால் தடவிப் பார்த்தேன், நேற்று வடிந்த நீர் போல இருந்தது.

திரும்பும் வழியில் புல்லுக்கு நடுவே ஆரஞ்சுச் சிவப்பில் ஒரு பூ. பார்பர்டன் டெய்சி. ஓசூர்ப் பசுமைக்குடில்களில் வளர்ந்து கல்யாண மேடைக்கு வரும் ஜெர்பராவின் மூதாதைகளில் ஒன்று இது. இதழ் மெலிந்து, காம்பு குட்டையாக, எவர் கவனிப்பும் இல்லாமல் நிற்கிறது.

அக்டோபர் 13

வீட்டு அம்மாவிடம் லில்லி சுரங்கத்தைப் பற்றிக் கேட்டேன். கையிலிருந்த வேலையைக் கீழே வைத்துவிட்டார்.

2016 பிப்ரவரி 5. சுரங்க வாயிலருகே தரை உள்வாங்கியது. தரைமட்டத்தில் விளக்கறையாக, அதாவது தொழிலாளர்களின் தலைவிளக்குகளைக் கொடுத்து வாங்கும் இடமாக, வைத்திருந்த கன்டெய்னர் உள்ளே போனது. அதில் மூன்று பேர், இரண்டு பெண்கள், ஓர் ஆண். ஆறரை ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர்களை வெளியே எடுக்கவில்லை. உடலையாவது கொடுங்கள் என்று குடும்பத்தார் சுரங்கத்தருகே கூடாரம் அடித்துக் காத்துக் கிடந்தார்கள். சுரங்கம் மூடியதால் வேலை போனவர்கள் நூற்றுக்கணக்கானோர்.

இரவு அப்பாவிடம் இதைச் சொன்னேன். வெகுநேரம் பேச்சில்லை.

"விளக்கறையிலா?" என்றார் கடைசியில். ஷிப்ட் முடிந்ததும் யாருடைய விளக்கு திரும்பி வரவில்லை என்பது முதலில் தெரிகிற இடம் அது. அங்கே விளக்குக்கு ஈடாக அவர் கொடுத்து வாங்கிய பித்தளை அடையாள வில்லை இன்றும் எங்கள் வீட்டுச் சாமி மாடத்தில் இருக்கிறது.

"அந்த வாசல் வரைக்குமாவது போய்விட்டு வா" என்றார். காலையில் கிளம்புகிறேன்.