பர்மிங்ஹாம் நாட்குறிப்பு: பட்டறைகளைப் பாக்கப் போனது

அக்டோபர் 12, 2019, சனி

பர்மிங்ஹாம்ல என்ன பாக்கலாம்னு கேட்டா இங்க பல வருஷமா இருக்கற நம்மாளுங்களே புல்ரிங் மால், கேட்பரி வேர்ல்டு, அதோட போதும், லண்டனுக்கோ ஆக்ஸ்போர்டுக்கோ போயிடுங்கன்றாங்க. அக்கா வீட்டுக்கு வந்த முதல் நாளே மாமாகிட்ட சொல்லிட்டேன், எனக்கு அரண்மனை வேண்டாம் மாமா, இந்த ஊர்ல வேலை நடந்த இடங்களைக் காட்டுங்கனு. லேத் பட்டறைக்கு நடுவுல வளர்ந்தவனுக்கு அதுதான ஆசையா இருக்கும்.

முதல்ல கேஸ் ஸ்ட்ரீட் பேசின். நகரத்துக்கு நட்டநடுவுல கால்வாய், ரெண்டு பக்கமும் கலர் கலரா நேரோபோட்டுன்ற ஒடுக்கமான படகுங்க, 7 அடி அகலம்தான் ஆனா நீளம் 70 அடி வரைக்கும் போகும். இன்ஜினியர் ஜேம்ஸ் பிரிண்ட்லி போட்ட கால்வாயோட முதல் பகுதி 1769-ல திறந்தது, வெட்னஸ்பரி சுரங்கத்துல இருந்து நிலக்கரி படகுலயே ஊருக்குள்ள வர ஆரம்பிச்சதும் விலை சடசடனு இறங்கிடுச்சு. இங்க தொழில் வளர்ந்த கதையே அங்க இருந்துதான் ஆரம்பம்.

பேசினுக்கு நடுவுல வூஸ்டர் பார்னு ஒரு தடுப்பு இருக்கு, 7 அடி அகலம். ரெண்டு கம்பெனி கால்வாயும் இங்க வந்து முட்டுது, ஆனா எங்க தண்ணி உங்க பக்கம் வந்துடும்னு பயந்துட்டு நடுவுல சுவர் கட்டிட்டாங்க. அதனால சரக்கை எல்லாம் ஒரு படகுல இருந்து தூக்கி தடுப்பைத் தாண்டி இன்னொரு படகுல ஏத்தணும், மனுசன் கையால, வருஷக்கணக்கா! 1815-லதான் நடுவுல ஒரு லாக் வச்சு வழி விட்டாங்க, லாக்னா படகை மேல ஏத்தவும் கீழ இறக்கவும் கதவு போட்ட தொட்டி. மாமா அந்தத் தடுப்பு மேல நின்னு, எத்தனை பேர் இடுப்பு இங்க ஒடிஞ்சிருக்கும் மாப்ளனு கேட்டார்.

அங்கிருந்து ஃபார்மர்ஸ் பிரிட்ஜ் பக்கம் நடந்தோம், வரிசையா 13 லாக். ஒரு படகு தாண்டும்போதெல்லாம் ஒரு தொட்டித் தண்ணி மேல இருந்து கீழ போயிடும். அப்ப மேல தண்ணி குறைஞ்சா? அதுக்கு பதில் நாளைக்கு பாக்கப் போற இடத்துல இருக்கு.

அக்டோபர் 13, ஞாயிறு

திங்க்டேங்க் சயின்ஸ் மியூசியம், மில்லேனியம் பாயிண்ட் கட்டடத்துல. குழந்தைங்களைக் கூட்டிட்டு வந்தவங்க எல்லாரும் மேல ஓடறாங்க. நான் நேரா ஸ்மெத்விக் இன்ஜின்கிட்ட போய் நின்னுட்டேன்.

1779-ல இந்த ஊர் முதலாளி மேத்யூ போல்டன், இன்ஜினியர் ஜேம்ஸ் வாட் ரெண்டு பேரும் பண்ணது. இன்னிக்கும் ஓடக்கூடிய நிலைமைல இருக்கற நீராவி இன்ஜின்கள்லயே உலகத்துலயே பழசு இதுதான். இதோட வேலையே, ஸ்மெத்விக் லாக் வழியா கீழ போன கால்வாய்த் தண்ணிய திரும்ப மேல ஏத்தறதுதான். 1891 வரைக்கும் ஏத்திட்டே இருந்திருக்கு, 112 வருஷம். ஒரு பம்ப் செட் 112 வருஷம் ஓடினதுக்கு முன்னாடி நிக்கறப்ப எனக்கு கும்பிடணும்னு தோணுச்சு, கும்பிட்டேன்.

இதுல ஜேம்ஸ் வாட் பண்ணதைப் புரிஞ்சுக்கிட்டா அப்புறம் இந்த ஊரே புரியும். பழைய நியூகோமன் இன்ஜின்ல நீராவி நிறைஞ்ச சிலிண்டருக்குள்ளயே பச்சத்தண்ணிய பீச்சுவாங்க, நீராவி சுருங்கி வெற்றிடம் ஆகும், பிஸ்டன் இறங்கும். ஆனா சிலிண்டரும் சேர்ந்து ஆறிடுதுல்ல, அடுத்த அடிக்கு மறுபடி சூடாக்கணும், கரியைத் தின்னுட்டே இருக்கும். வாட் என்ன பண்ணார்னா ஆற வைக்கற இடத்தை மட்டும் தனிப் பாத்திரமா பிரிச்சுட்டார், சிலிண்டர் எப்பவும் சூடாவே இருக்கட்டும்னு. அவ்வளவுதான், ஆனா கரிச்செலவு பெருமளவு குறைஞ்சுடுச்சு. கம்பெனி வருமானத்துக்கு வச்ச கணக்கும் அழகு, பழைய இன்ஜினை விட எவ்வளவு கரி மிச்சமாகுதோ அதுல மூணுல ஒரு பங்குப் பணத்தை எங்களுக்குக் குடுங்கனு வாங்கினாங்க. பொருளை வித்ததை விட மிச்சத்தை வித்ததுன்னே சொல்லலாம்.

திரும்பி வரும்போது புல்ரிங், செல்ஃப்ரிட்ஜஸ் கட்டடம், 15,000 அலுமினியத் தட்டு ஒட்டினது. பாத்தாச்சு.

அக்டோபர் 15, செவ்வாய்

நகைக்கடை ஏரியா, ஜுவல்லரி குவார்ட்டர். வைஸ் ஸ்ட்ரீட்ல மியூசியம் ஆஃப் தி ஜுவல்லரி குவார்ட்டர். இந்த ஊருக்கு வர்றவங்க ஒரே ஒரு இடம்தான் பாக்க முடியும்னா நான் இதைத்தான் சொல்லுவேன்.

ஸ்மித் அண்ட் பெப்பர்னு 1899-ல ஆரம்பிச்ச தங்கப் பட்டறை. கூடப்பொறந்தவங்க 3 பேர் கடைசியா நடத்தினாங்க, வயசாயிடுச்சு, வாங்க ஆள் கிடைக்கல, 1981-ல கதவைச் சாத்திட்டுப் போயிட்டாங்க. உள்ள இருந்ததெல்லாம் அப்படியே இருந்துச்சு, உளி, அரம், அச்சு, மேல்கோட்டு, டீ கப் வரைக்கும். 1992-ல மியூசியமா திறந்தாங்க. இங்க போலியா அலங்காரம் பண்ணி வச்ச மாதிரி எதுவும் தெரியல, மெஷின் மேல இருக்கற கறுப்பே வேலை செஞ்ச கறுப்பு.

வேலைமேஜையில ஒவ்வொருத்தருக்கும் அரைவட்டமா வெட்டி இருக்கு, கீழ தோல் தொங்குது, ராவும்போது விழற தங்கப்பொடி தோல்ல விழணும்னு. கைடா வந்த அம்மா ஒரு அச்சு வச்சு ட்ராப் ஸ்டாம்ப் மெஷின்ல ஒரு பித்தளைத் தகட்டை அடிச்சுக் காட்டினாங்க, கயிறை விட்டா எடை மேல இருந்து தொம்முனு விழுது, தரையே அதிருது. அப்புறம் வாயால ஊதற ஊதுகுழல், கேஸ் தீயைத் திருப்பிப் பொடி வச்சு நகையைப் பத்தவைக்கறது. தரை கூட்டின குப்பை, கை கழுவின தண்ணி, பழைய மேல்கோட்டு எல்லாத்தையும் சேத்து வச்சு உருக்கிப் பொன்னைப் பிரிச்சிருக்காங்க. கோயம்புத்தூர்ல தங்கப்பட்டறைத் தெருச் சாக்கடை மண்ணை அரிச்சு எடுக்கறவங்களைப் பாத்தவங்களுக்கு இது புதுசு இல்ல.

இங்க ஹால்மார்க் ஆபீஸ் வந்ததே போல்டன் போராடித்தான். அதுக்கு முன்னாடி வெள்ளிச் சாமானை முத்திரைக்கு செஸ்டருக்கு அனுப்பணும். பார்லிமென்ட்ல மனு போட்டு 1773-ல வாங்கிட்டார். பர்மிங்ஹாம் முத்திரை நங்கூரம், கடலே இல்லாத ஊருக்கு நங்கூரம்! கிரவுன் அண்ட் ஆங்கர்னு ஒரு விடுதில கூடிப் பேசினதால வந்த சின்னம்னு சொல்றாங்க.

அக்டோபர் 16, புதன்

காஃபின் ஒர்க்ஸ். பேரைக் கேட்டதும் அக்கா வரமாட்டேன்னுட்டாங்க. நியூமன் பிரதர்ஸ் 1894-ல இருந்து ஃபிளீட் ஸ்ட்ரீட்ல நடத்தின ஃபேக்டரி, சவப்பெட்டி செய்யறது இல்ல, அதுக்கு வேண்டிய கைப்பிடி, சிலுவை, பேர்ப்பலகை, உள்ள விரிக்கற துணி. சர்ச்சிலோட பெட்டிக்கும் சாமான் இவங்ககிட்ட இருந்துதான் போயிருக்கு. 1949-ல ஆபீஸ் செகரட்டரியா சேர்ந்து கடைசியில கம்பெனிக்கே ஓனரான ஜாய்ஸ் கிரீன்னு ஒரு அம்மா, கம்பெனி மூடினப்பறம் இதை இடிக்க விடாம காப்பாத்தணும்னு அலைஞ்சிருக்காங்க. 2014-ல மியூசியமா திறந்தப்ப அவங்க உயிரோட இல்ல. மாடில தையல் ரூம், மெஷின்ல நூல் கோத்தபடியே இருக்கு. எனக்கு ரொம்ப மனசுக்குப் பிடிச்ச இடம்.

அக்டோபர் 17, வியாழன்

சோஹோ ஹவுஸ், ஹாண்ட்ஸ்வொர்த். மேத்யூ போல்டன் 1766-ல இருந்து 1809-ல சாகற வரைக்கும் இருந்த வீடு. லூனார் சொசைட்டினு அறிவாளிங்க குழு ஒண்ணு கூடிப் பேசின சாப்பாட்டு ரூம் இருக்கு, வாட், எராஸ்மஸ் டார்வின் (பரிணாமம் சொன்ன டார்வினோட தாத்தா), விஞ்ஞானி ஜோசப் பிரீஸ்ட்லி, பீங்கான் செஞ்ச வெட்ஜ்வுட். பௌர்ணமி ஒட்டித்தான் கூடுவாங்க, தெருவிளக்கு இல்லாத ரோட்டுல நிலா வெளிச்சத்துல வீடு திரும்பணும்ல.

அவரோட சோஹோ மின்ட்ல நீராவியால நாணயம் அடிச்சாங்க. ஈஸ்ட் இந்தியா கம்பெனிக்காக நம்ம சென்னை மாகாணத்துக்கு 1808-ல 10 காசு, 20 காசு செம்பு நாணயம் அடிச்சது இங்கதான். அதை ஏத்திட்டுப் போன அட்மிரல் கார்ட்னர் கப்பல் 1809-ல இங்கிலாந்து கரையைத் தாண்டறதுக்குள்ள குட்வின் மணல்திட்டுல முழுகிப்போச்சு. நம்ம சந்தைல காய்கறி வாங்க வேண்டிய காசு கடலுக்கடியில கிடந்திருக்கு.

ஒண்ணு சொல்லியே ஆகணும். வெட்ஜ்வுட், டார்வின் எல்லாம் அடிமை முறையை எதிர்த்தவங்க. ஆனா போல்டன்-வாட் கம்பெனி இன்ஜின் கரீபியன் கரும்புத் தோட்டத்துக்கும் போச்சு, அடிமைங்க உழைச்ச தோட்டத்துக்கு. அறிவாளிங்க கூட்டம்னு கொண்டாடறப்ப இதையும் சேத்துத்தான் சொல்லணும்.

போல்டனோட ஃபேக்டரி இருந்த இடத்துல இப்ப வீடுகள்தான். சோஹோ ரோட்டுல பஞ்சாபிக் கடைங்க, சமோசா சாப்பிட்டு பஸ் ஏறினோம்.

அக்டோபர் 18, வெள்ளி

பேக் டு பேக்ஸ், ஹர்ஸ்ட் ஸ்ட்ரீட் முனை. முன்னாடியே புக் பண்ணணும், கைடோடதான் விடுவாங்க, ஏணி மாதிரி செங்குத்தான படிக்கட்டு, முழங்கால் வலி இருக்கறவங்க யோசிச்சுக்கங்க.

இத்தனை நாள் பாத்த பட்டறைல வேலை செஞ்சவங்க எங்க குடியிருந்தாங்க? இங்க. ரெண்டு வீட்டுக்கும் முதுகுச் சுவர் ஒண்ணு, ஒரு வீடு தெருவைப் பாக்கும், இன்னொண்ணு உள்முற்றத்தைப் பாக்கும். மாடிக்கு ஒரு ரூம், மூணு தளம், பின்பக்கம் ஜன்னலே கிடையாது, காத்து எப்படி வரும்? துணி துவைக்கற இடமும் கக்கூஸும் முற்றத்துல எல்லாருக்கும் பொது. ஒரு காலத்துல இப்படிப்பட்ட வீடுங்க இந்த ஊர் முழுக்க ஆயிரக்கணக்குல இருந்துச்சு, முற்றத்தோட தப்பிச்சது இது ஒண்ணுதான். பழைய கட்டடங்களைக் காப்பாத்தற நேஷனல் டிரஸ்ட் 2004-ல திறந்துச்சு.

ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு காலம். 1840-கள்ல கடிகார முள் செய்யற யூதக் குடும்பம். 1870-கள்ல கண்ணாடிக் கண் செய்யறவர், மேஜைல கண்ணுங்க நம்மளையே பாக்குது. குடும்பம் போக வாடகைக்கு வேற ஆள் படுத்திருப்பாங்க, நடுவுல ஒரு துணித்திரை, அவ்வளவுதான் மறைவு. கைடு அந்தத் திரையைப் பிடிச்சுட்டே சொன்னப்ப அக்கா முகம் மாறிடுச்சு, வயசுக்கு வந்த பொண்ணுங்க இருந்த வீடா இதுனு கேட்டாங்க. கடைசியா ஜார்ஜ் சாண்டர்ஸோட தையல்கடை. செயிண்ட் கிட்ஸ் தீவுல இருந்து வந்தவர், கைதேர்ந்த டெய்லர், கறுப்பர்னு வேலை குடுக்காம விரட்டினாங்க, அப்புறம் சொந்தமா கடை போட்டு 2001 வரைக்கும் தைச்சார். கத்தரிக்கோல், பேப்பர் பேட்டர்ன், துணி எல்லாத்தையும் டிரஸ்ட்டுக்கே குடுத்துட்டார். நல்ல வேளை குடுத்தார், இல்லனா இந்த ஊர்ல வெள்ளைக்காரங்க மட்டும்தான் உழைச்சாங்கனு நினைச்சுட்டுப் போயிருப்பாங்க.

அக்டோபர் 20, ஞாயிறு

பர்மிங்ஹாம் மியூசியம் அண்ட் ஆர்ட் கேலரி, டிக்கெட் கிடையாது. தொழிலோட லாபத்துல கலையை வளர்க்கறோம்னு 1885-ல திறந்தப்ப கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. பிரீ-ரஃபேலைட்னு 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்து ஓவியர் குழுவோட ஓவியங்களுக்குப் பேர்போன இடம், பாத்தோம், நல்லா இருக்கு. எங்களை நிறுத்தினது சுல்தான்கஞ்ச் புத்தர்.

செம்புல வார்த்தது, 2.3 மீட்டர், 500 கிலோவுக்கு மேல, ஏறக்குறைய 1,400 வருஷம் முந்தினது. 1861-ல பீகார்ல ரயில் பாதை போடறப்ப மண்ணுக்குள்ள இருந்து வந்தார். பர்மிங்ஹாம் முன்னாள் மேயர் சாமுவேல் தார்ன்டன், ரயில்வேக்கு இரும்பு சப்ளை பண்ணவர், 200 பவுண்டு குடுத்து இங்க வரவழைச்சுட்டார். வலது கை அபயம் காட்டுது. மெழுகு கட்டி வார்த்த வேலை, ஆடை உடம்போட ஒட்டி இருக்கறதை செம்புல எப்படிக் கொண்டு வந்தாங்களோ. வார்த்தவங்க பேர் எங்கயும் இல்ல, தூக்கிட்டு வந்தவர் பேர் இருக்கு. புத்தர் பீகாருக்குத் திரும்பிப் போகணும்ன்றதுதான் என் கருத்து. மாமா ஒத்துக்கல, இங்க லட்சக்கணக்குல நம்ம பக்கத்து ஜனங்க இருக்காங்க, அவங்களுக்கும் கும்பிட ஒருத்தர் வேணும்ல மாப்ளன்றார். பஸ்ல வர்ற வரைக்கும் வாக்குவாதம், முடியல.

இன்னும் பேனா மியூசியம், துப்பாக்கிக் குழாயைச் சோதிக்கற கன் பேரல் ப்ரூஃப் ஹவுஸ் ரெண்டும் பாக்கி. ஸ்மெத்விக் லாக்கையும் நேர்ல பாக்கணும், கால்வாய்க் கரையோடவே நடந்து போயிடலாம்னு மாமா சொல்றார். மழை விட்டா அடுத்த சனிக்கிழமை.