சயான் கோலிவாடாவின் கேப்டன்

மும்பையில் தமிழர் எம்.எல்.ஏ. ஆக முடியுமா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் கேட்டால் நான் சொல்வது கேப்டன் தமிழ்ச்செல்வன் பெயரைத்தான். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், சிஎஸ்டி ரயில் நிலையத்தில் பார்சல் தொழில் செய்தவர், 2008 நவம்பர் 26 இரவு அங்கே துப்பாக்கிச்சூடு நடந்தபோது அடிபட்டவர்களை மருத்துவமனைக்கு அனுப்ப ஓடியவர். அந்த இரவுதான் அவரை வெளியே தெரியவைத்தது.

மும்பையின் சயான் கோலிவாடா சட்டமன்றத் தொகுதியில் பாஜக வேட்பாளராக அவர் முதலில் ஜெயித்தது 2014-இல். அப்போது பாஜகவும் சிவசேனாவும் கூட்டணி முறிந்து தனித்தனியாக நின்றன, ஓட்டு பிரிந்ததும் அவருக்கு உதவியிருக்கும் என்பது என் கணக்கு. சரி, 2019, 2024 என்று திரும்பத் திரும்ப ஜெயித்ததற்கு என்ன சொல்வது? தமிழர் கோட்டை என்று நாம் பெருமை பேசும் தாராவியில் இத்தனை வருடமாக ஜெயிப்பது காங்கிரஸின் கெய்க்வாட் குடும்பம்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.