சூரிச்சுக்கு இரண்டு இருக்கைகள்

5 அக்டோபர் 2025, ஞாயிறு

வைகாசியில் கல்யாணம். சத்துவாச்சாரி மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. சமையல், நாதசுரம், பத்திரிகை எல்லாவற்றையும் இரு வீட்டுப் பெரியவர்களும் பங்கு போட்டுக்கொண்டார்கள். என் தலையில் விழுந்தது தேனிலவு ஒன்றுதான். அதிலும் ஊர் முடிவாகிவிட்டது: சூரிச்சில் இறங்கி ஒன்பது நாள் ரயிலிலேயே சுவிட்சர்லாந்தைச் சுற்றுவது. எப்படிப் போய்ச் சேருவது என்பதில் மட்டும் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. காலை நீட்டிப் படுத்துக்கொண்டு போகவேண்டும், அதாவது படுக்கையாக நீளும் இருக்கை உள்ள பிசினஸ் வகுப்பில்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மிலான் தோல் கண்காட்சிக்கு நான்கு முறை எகானமியில் போய் வந்திருக்கிறேன். போன மாதம் திரும்பியபோது, முன்னால் இருந்தவர் விமானம் எழும்பியதுமே இருக்கையைச் சாய்த்துவிட்டார். விடியும்வரை அவருடைய வழுக்கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். கல்யாணமான மறுவாரம் அப்படி ஓர் இரவு வேண்டாம்.

கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் சொன்னேன். இதுவரை விமானமே ஏறாதவள். மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை என்பதால் எதையும் அளந்துதான் பேசுவாள். "இருவருக்கும் சேர்த்து நான்கு லட்சம். அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் ஏலகிரிக்குப் பஸ் ஏறிவிடலாம்" என்றாள்.

7 அக்டோபர், செவ்வாய்

எங்கள் வேலூர்மேல் ஒரு பழைய கிண்டல் உண்டு: நீரில்லா ஆறு, அரசனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில். சாமி 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். 2021 மழையில் பாலாறும் கரைபுரண்டு ஓடிக் காட்டியது. காலியான இடத்தில் இப்போது அப்துல்லாபுரத்தைச் சேர்க்கலாம்: விமானமில்லா விமான நிலையம்.

ஆகவே மீனம்பாக்கமா, பெங்களூருவா? காட்பாடியில் வந்தே பாரத் ஏறினால் பெங்களூரு சுகமான பயணம்தான். ஆனால் விமான நிலையம் இருப்பது தேவனஹள்ளியில், ஊரைக் கடந்து அந்தக் கோடியில். மீனம்பாக்கம் நாம் நுழைகிற பக்கமே இருக்கிறது. சென்னை.

11 அக்டோபர், சனி

காலையில் டிக்கெட் தேட உட்கார்ந்தவன் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். முதல் அடி வரியில் விழுந்தது. செப்டம்பர் 22 முதல் எகானமிக்கு மேற்பட்ட வகுப்புகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. எகானமிக்கு அதே 5. ஒரு மாதம் முன்னால் இந்த ஆசை வந்திருக்கக் கூடாதா?

அடுத்த அடி ஒரு முன்பதிவுத் தளத்தில். காட்டிய விலைக்கு ஆசைப்பட்டு இருவர் விவரத்தையும் தட்டச்சு செய்து கடைசிப் பக்கம் போனால், "விலை மாறிவிட்டது" என்று பதினெட்டாயிரம் கூடுதலாகக் கேட்டது. மூடிவிட்டேன்.

முதலில் வளைகுடா விமானக் கம்பெனிகளைப் பார்த்தேன். துபாய், தோஹா, அபுதாபி மூன்றிலிருந்தும் சூரிச்சுக்கு விமானம் உண்டு; விலையும் கைக்கு எட்டுகிறது. உறுத்தியது நேரக்கணக்குதான். நான் பார்த்தவை சென்னையிலிருந்து விடிகாலையில் கிளம்புகின்றன. நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறந்து இறங்கவேண்டும். சாப்பாடும் அறிவிப்பும் போக, தூங்கக் கிடைப்பது இரண்டரை மணி நேரம். பிறகு விமான நிலையத்தில் காத்திருப்பு. அடுத்த ஆறரை ஏழு மணி நேரம் பட்டப்பகலில். படுக்கைக்குக் காசு கொடுத்துவிட்டு ஜன்னல் வெயிலில் விழித்திருப்பது, லாட்ஜில் அறை எடுத்துவிட்டுப் பஸ் நிலையத்தில் தூங்குவது போல.

துபாயில் இரண்டு நாள் தங்கலாம் என்றும் நினைத்திருந்தோம். அவள் பாஸ்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினாள். நம் வழக்கம்போல ஒற்றைப் பெயர். குடும்பப் பெயர்க் கட்டம் காலி. 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அமீரகத்தில் சுற்றுலா அனுமதி இல்லை. தகப்பன் பெயர் இரண்டாம் பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு ஒரு விளக்கமும் வந்தது. தேனிலவில் கவுன்டருக்குக் கவுன்டர் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க யாருக்கு ஆசை? துபாயை அடித்துவிட்டேன்.

18 அக்டோபர், சனி

மாலையில் கோட்டை அகழிக் கரையில் சந்தித்தோம். ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிப் போயிருந்தேன். அந்த அட்டைப் பெட்டி மூடியின் உட்புறம்தான் இன்றைக்குக் கரும்பலகை.

ஒரு வாரமாகப் படித்ததில் புரிந்த விஷயம் இது: கம்பெனிப் பெயரைப் பார்த்து டிக்கெட் வாங்கக் கூடாது, அந்தத் தடத்தில் ஓடும் விமானத்தின் இருக்கை அமைப்பைப் பார்த்துத்தான் வாங்கவேண்டும். ஒரே கம்பெனியில் ஒரு விமானத்தில் கதவு வைத்த தனியறை கிடைக்கும், இன்னொன்றில் இருபது வருடப் பழைய சாய்வு நாற்காலி கிடைக்கும்.

மூடியில் முதலில் 1-2-1 வரைந்தேன்: ஒரு வரிசையில் இரு ஜன்னலோரமும் ஒவ்வொரு இருக்கை, நடுவில் இரண்டு, இடையே நடைபாதைகள். புதிய விமானங்கள் பெரும்பாலும் இப்படித்தான். எல்லோருக்கும் நடைபாதை, எல்லோருக்கும் தனிமை. "ஜன்னல் ஓரம் எனக்கு" என்றாள். அப்படியானால் எனக்கு அவளுக்கு முன்னாலோ பின்னாலோதான் இடம். நடுவில் உள்ள இரண்டைப் பிடித்தாலும் பல விமானங்களில் இடையே தடுப்பு. எமிரேட்ஸின் ஏ380இல் நடு இருக்கைகள் ஒரு வரிசையில் ஒட்டியும் அடுத்த வரிசையில் தள்ளியும் இருக்கும். தெரியாமல் பதிவு செய்தால் இருவருக்கும் நடுவே மேசை. கத்தார் ஏர்வேஸின் க்யூசூட் என்ற பிசினஸ் வகுப்பு அறைகளில் நடுவில் சில இருக்கைகளைச் சேர்த்தால் இரட்டைப் படுக்கையே ஆகும். 2017இல் வந்தது, எல்லோரும் புகழ்வது. ஆனால் எல்லா விமானத்திலும் இல்லை. நான் பார்த்த தேதிகளில் இருந்தபோது விலை எங்கள் கணக்கைத் தாண்டிப் போயிற்று.

பிறகு 2-2-2 வரைந்தேன். ஜெர்மன் கம்பெனியான லுஃப்தான்சாவின் ஏ330, ஏ340 விமானங்களில் உள்ளது. சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேராக, நள்ளிரவு தாண்டிக் கிளம்பி பத்து மணி நேரம் பறந்து காலையில் இறங்குகிறது. ஒரே மூச்சில் தூங்கலாம். எங்கள் தேதிக்கு இருக்கை வரைபடத்திலும் 2-2-2தான் தெரிகிறது.

"அப்புறம் ஏன் தயங்குகிறீர்கள்?"

தயக்கத்தையும் வரைந்தேன். அந்த இருக்கைகள் இணையாக இல்லை, கால்பக்கம் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருக்கும். தலைகள் விலகி, பாதங்கள் நெருங்கி, தலைகீழாகப் போட்ட கூரை மாதிரி. தனியாகப் போகிறவர்கள் இதைத்தான் திட்டுகிறார்கள்: முன்பின் தெரியாத ஆளின் கால் பக்கத்திலேயே இருக்கிறதாம், தூக்கத்தில் இடிக்கிறதாம்.

அவள் மூடியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பேடாவை இரண்டாகப் பிட்டாள்; உள்ளேயிருந்த முந்திரித் துண்டு என் பாதியோடு வந்தது.

"கால் படுவதுதான் குறையா?" என்றாள்.

"ஆமாம்."

"பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். பத்து மணி நேரமும் அதையே செய்துகொண்டு போகலாம்."

அகழியில் யாரோ பொரி போட்டார்கள். மீன்கள் மொத்தமாக மேலே வந்தன. அவள் பேச்சை மாற்றிவிட்டாள். நான் மூடியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நெய்க்கறை படிந்துவிட்டது.

20 அக்டோபர், தீபாவளி

அம்மாவுக்குச் செய்தி எட்டிவிட்டது. தங்கம் சவரன் தொண்ணூறாயிரத்தைத் தாண்டியிருக்கிற நேரத்தில் நாலு லட்சம் என்றால் அவருக்கு நாலு சவரன் என்றுதான் கேட்கும். "நாலு சவரனை ஆகாயத்தில் போட்டுவிட்டு வருவார்களா? படுக்கத்தான் வீட்டில் கட்டில் இருக்கிறதே." அதிரசத்தை வாயில் போட்டுக்கொண்டதால் நான் பதில் சொல்லவில்லை.

25 அக்டோபர், சனி

சித்தப்பா தமக்குத் தெரிந்த டிக்கெட் ஏஜென்ட்டிடம் அழைத்துப் போனார். பெரிய மருத்துவமனைக்கு எதிர்ச் சந்தில் கடை. பலகையில் தமிழைவிட வங்காள எழுத்து பெரிது. எங்களுக்கு முன்னால் ஸ்கேன் உறையை மடியில் வைத்தபடி ஒரு குடும்பம் ஹவுராவுக்கு இருக்கை கேட்டுக் காத்திருந்தது. அப்பாவுக்குக் கீழ்ப் படுக்கை கிடைக்குமா என்று மகன் மூன்று முறை கேட்டான். கிடைத்தது. அடுத்து நான் போய் நின்று ஆகாயத்தில் படுக்கை கேட்கக் கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது.

ஏஜென்ட் அண்ணன் கூச்சப்படவில்லை. மூடி ஓவியத்தைப் பார்த்தார், தலையாட்டினார். "திரும்புவது பகலிலா இரவிலா, தம்பி?" என்றார். ஃபிராங்க்ஃபர்ட்டில் பகலில் கிளம்பி இரவில் சென்னை.

"பகலில் படுக்கை எதற்கு? போவதற்கு மட்டும் பிசினஸ், வருவதற்கு எகானமி. தனித்தனி ஒருவழி டிக்கெட்டாக வாங்காதீர்கள், விலை கொன்றுவிடும். ஒரே ரவுண்ட் டிரிப்பில் இரண்டு வகுப்பையும் கலந்து போடலாம்."

மூன்று வாரம் இணையத்தில் கிடந்தவனுக்கு இது தோன்றவில்லை! அந்த விமானங்களில் எகானமி 2-4-2. ஓரத்து இரண்டைப் பிடித்தால் பகலிலும் மூன்றாவது ஆள் இல்லை.

இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சூரிச்சுக்குப் போகும் சின்ன விமானத்தில் பிசினஸ் என்பது பக்கத்து இருக்கையைக் காலியாக விட்ட சாதாரண இருக்கைதான், அங்கே படுக்கை தேடவேண்டாம். குடியேற்றச் சோதனையும் ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே முடிந்துவிடும் என்பதால் இணைப்புக்கு இரண்டரை மணி நேரமாவது வைக்கவேண்டும்.

விலை: இருவருக்கும் மூன்று லட்சத்து நாற்பத்தாறாயிரம். அவளுக்கு அனுப்பினேன். "மிச்சம் ஐம்பத்துநான்காயிரம். அத்தைக்கு அரை சவரன் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள்" என்று வந்தது.

1 நவம்பர், சனி

டிக்கெட் எடுத்தாயிற்று. ஒற்றைப் பெயரை எப்படிப் போடுவது என்று ஏஜென்ட் அண்ணன் கம்பெனிக்குப் போன் செய்து கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பொத்தானை அழுத்தினார். ஒவ்வொரு எழுத்தாக என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். எல்.கே.ஜி. நினைவு வந்தது. விமானத்தைக் கடைசி நேரத்தில் மாற்றும் உரிமை கம்பெனிக்கு உண்டு என்றும் எச்சரித்தார். 2-2-2 போய் 1-2-1 வந்தால் விதி. மாதம் ஒருமுறை இருக்கை வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஜன்னல் பக்கத்து இரண்டு இருக்கைகள். ஜன்னல் அவளுக்கு. எனக்கு நடைபாதை, அவள் எழும்போதெல்லாம் காலை மடக்கும் கடமையோடு.

டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. இரவு பத்தரைக்கு ஒரே ஒரு வரி: "அப்போது மெட்டி போட்டிருப்பேனே, குத்தாதா?"

விமானத்தில் சாக்ஸ் கொடுப்பார்கள் என்று பதில் அனுப்பினேன்.