பதினோரு நிமிடம்

கண்ணாடிக் கதவு உடைந்த சத்தம் கேட்டும் நான் எழுந்திருக்கவில்லை. அடுத்து வந்த அலறலுக்குத்தான் ஓடினேன். பக்கத்து வீட்டுப் பையன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்தில், ஆழமாகக் கிழிந்திருந்தது. ரத்தம் சொட்டவில்லை. நாடித் துடிப்போடு சேர்ந்து விட்டு விட்டுப் பீய்ச்சி அடித்தது. தமனி அறுந்தால் அப்படித்தான் வரும்.

பெரியவர்கள் உடம்பில் இருப்பதே சுமார் 5 லிட்டர் ரத்தம்தான், பெரிய தமனி அறுந்தால் சில நிமிடங்களிலேயே உயிர் போய்விடலாம் என்று எப்போதோ ஒரு முதலுதவி வகுப்பில் கேட்டிருந்தேன். அங்கே சொன்ன மற்றதெல்லாம் அந்த நொடியில் மறந்துபோய், 'அமுக்கு' என்ற ஒரு சொல்தான் மிஞ்சியது.

அவனைத் தரையில் படுக்க வைத்தேன். "யாராவது ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க" என்று இரண்டு தடவை கத்தியும் ஒருவரும் அசையவில்லை. "அக்கா, நீங்க போன் போடுங்க" என்று அவன் அம்மாவைப் பார்த்துச் சொன்னதும் அவர் கை தானாகப் போனை எடுத்தது. நான் ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு, குளியல் துண்டை நாலாக மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்தினேன்.

தப்பு செய்தது அடுத்துதான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நின்றுவிட்டதா என்று துண்டைத் தூக்கிப் பார்த்தேன். மறுபடி பீய்ச்சியது, என் சட்டையிலேயே. அப்போதுதான் தெரிந்தது, தடித்த துண்டு காயத்தின் வாய்க்கு மேலே பாலம் மாதிரி கிடந்திருக்கிறது, அழுத்தம் உள்ளே போகவே இல்லை. மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வாங்கி, ரத்தம் வந்த இடத்திலேயே விரலால் திணித்தேன். அவன் துடித்தான். "பொறுத்துக்கோ தம்பி" என்பதைத் தவிர வேறு வார்த்தை எனக்கு வரவில்லை. மேலே இன்னொரு துணி வைத்து, என் முழங்கையை மடக்காமல் உடம்பு பாரம் முழுவதையும் இறக்கினேன். அப்புறம் எட்டிப் பார்க்கவே இல்லை. பார்க்காமல் இருப்பதுதான், சொன்னால் நம்பமாட்டீர்கள், அழுத்துவதைவிடக் கஷ்டம்.

நடுவில் ஒருவர் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு வந்தார். வேண்டாம் என்றேன். பெல்ட்டை எவ்வளவு இழுத்தாலும் தமனி அடைபடும் அளவுக்கு இறுகுவது அபூர்வம். அரைகுறையாக இறுகினால் ரத்தம் திரும்பிப் போகும் சிரை மட்டும் அடைபட்டு, கசிவு கூடவும் செய்யும். இன்னொருவர் தண்ணீர் கொண்டுவந்தார். ஆபரேஷன் தேவைப்படலாம், வாயில் எதுவும் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு, அவரையே போர்வை எடுத்துவரச் சொன்னேன். "குளிருது" என்று அவன் முனகத் தொடங்கியிருந்தான். உடம்பு சில்லிட்டால் ரத்தம் உறைவதும் தாமதமாகும்.

ஆம்புலன்ஸ் வரப் பதினோரு நிமிடம் ஆனதாக அக்காவின் போனைப் பார்த்துப் பிறகு தெரிந்துகொண்டேன். வந்தவர் காயத்துக்கு நாலு விரல் மேலே அகலமான பட்டி ஒன்றைச் சுற்றி, அதிலிருந்த குச்சியை முறுக்கினார். டூர்னிக்கெட், ரத்த ஓட்டத்தையே நிறுத்தும் இறுக்குப் பட்டி. கண்ணாடி கிழித்தபோது போட்டதைவிடப் பெரிய சத்தம் போட்டான் பையன். இறுகினால் அப்படித்தான் வலிக்குமாம். கட்டிய நேரத்தைப் பட்டியிலேயே எழுதினார்.

"கையை எடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று என்னிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். என் காதில் விழவில்லை. மூன்றாவது தடவை அவரே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.