முதல் எர்ரரை மட்டும் படிங்க

முதல் செமஸ்டர் பிள்ளைகளுக்கு சி புரோகிராமிங் லேப் எடுக்கிறேன். எழுதியதை கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவுக்கு மாற்ற கம்பைல் கொடுத்ததும் திரை முழுக்க எர்ரர் ஓடும். கண்ணில் படுவது கடைசி வரி. அங்கிருந்தே திருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். நான் ஓயாமல் சொல்வது ஒன்றுதான்: மேலே போங்க, முதல் எர்ரரை மட்டும் படிங்க.

போன வாரம் ஒரு மாணவி மூன்று பாட மதிப்பெண்ணைக் கூட்டும் புரோகிராம் எழுதியிருந்தாள். "மேம், டோட்டலை டிக்ளேர் பண்ணியிருக்கேன். ஆனா அன்டிக்ளேர்டுன்னு வருது." டோட்டல் என்ற பெயரை அறிவிக்கவே இல்லை என்று சொல்லும் அது இரண்டாவது எர்ரர். முதலாவதை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன்: ஃபைல் பெயர், வரி 6, அதன்பின், திரையில் காட்டச் சொல்லும் பிரிண்ட்எஃப்புக்கு முன்னால் செமிகோலனோ வேறு சில குறிகளோ எதிர்பார்த்தேன் என்ற செய்தி. "ஆறாவது வரி சரியாத்தானே மேம் இருக்கு?"

சரியாகத்தான் இருந்தது. ஐந்தாவது வரியில் 'இன்ட் டோட்டல்' என்று எழுதி, செமிகோலனை விட்டிருந்தாள். கம்பைலருக்கு வரி மாறுவது ஒரு பொருட்டே இல்லை. அடுத்து பிரிண்ட்எஃப் வந்தபோதுதான் டிக்ளரேஷன் முடியவில்லை என்று அதற்குத் தெரிகிறது. அது சொல்லும் வரி எண், தான் தடுக்கிய இடம். தப்பு அங்கேயும் இருக்கலாம், அதற்கு மேலேயும் இருக்கலாம். முடியாத அந்த டிக்ளரேஷனை எங்கள் கம்பைலரான ஜிசிசி கைவிட்டுவிட்டதால், பிறகு டோட்டல் வரும்போது யாரென்று அதற்குத் தெரியவில்லை. ஒரு செமிகோலன் போட்டாள், இரண்டு எர்ரரும் போயின. தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு ஆங்கில மெசேஜைக் கண்டு மிரண்டிருந்த பெண். அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' வேறு ரகம். கம்பைல் ஆனதை லைப்ரரிகளோடு இணைக்கும் லிங்கர், தேடிய ஃபங்ஷன் கிடைக்காதபோது சொல்வது அது. வர்க்கமூலம் காணும் எஸ்க்யூஆர்டிக்கு (sqrt) அப்படி வந்தால் கோடில் தேடிப் பயனில்லை. லினக்ஸில் கமாண்டின் கடைசியில் கணித லைப்ரரியை இணைக்கும் மைனஸ் எல்எம் (-lm) சேர்த்தால் போதும்.

வார்னிங்கை விட்டுவிடாதீர்கள். ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஹெடர் ஃபைல் சேர்க்காமல் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால் பழைய ஜிசிசி வார்னிங் கொடுத்துவிட்டுப் போய்விடும். 2024இல் வந்த ஜிசிசி 14 அதையே எர்ரராக்கிவிட்டது. லேப்பில் ஓடியது வீட்டு லேப்டாப்பில் ஓடவில்லை என்று வருபவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வழக்கமான வார்னிங்குகளைக் காட்டச் சொல்லும் மைனஸ் டபிள்யூ ஆல் (-Wall) கமாண்டில் எப்போதும் போடுங்கள். 'இஃப்' உள்ளே இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றை போட்டால் அதுதான் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த வாரம், மெமரி முகவரியை வைத்திருக்கும் பாயின்டர். புரோகிராம் ஓடும்போது தொடக்கூடாத மெமரியைத் தொட்டால் வரும் செக்மென்டேஷன் ஃபால்ட் கம்பைலர் கையில் சிக்காது. அதைத் தனியாக எழுதுகிறேன்.